மலைக்குக் கூடுதல் பெட்ரோல்

மலை ஏறும் வண்டிக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும் என்று நான் நம்பினேன். மேடு ஏறிய மனிதனே இரண்டு இட்லி அதிகம் கேட்கிறான், இன்ஜின் கேட்காதா என்பதுதான் என் விஞ்ஞானம். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கழனிகளில் டீசல் பம்ப்செட் ரிப்பேர் பார்த்தே வயதானவன் நான். எங்களுக்கு மேடு என்றால் ஏரிக்கரைதான். பம்ப்செட்டில் லோடு ஏறினால் எண்ணெயைக் கூட்ட வேண்டும். முதலில் கக்குகிற கரும்புகை, தண்ணீர் எடுக்கத் தொடங்கியதும் தெளிந்துவிடும். மலையும் ஒரு லோடு. அவ்வளவுதானே?

என் மனைவியின் தம்பி ஊட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரமாக இடம் பிடித்திருந்தான். சுற்றுலா வருகிறவர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி விளையாட, நான்கு பருத்த சக்கரங்கள் வைத்த பைக் ஒன்றைப் பழையதாக வாங்கி, எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தான். பேச்சு இதுதான்: நான் வண்டியைத் தயார் செய்து மலையில் ஓட்டிக் காட்டிவிட்டால், என் ரிப்பேர் கடையை மூடிவிட்டு அவனோடு மெக்கானிக்காகப் போய்விடலாம். ஐம்பது வயதில் கிணற்றடிச் சேற்றில் குந்தாமல் ஒரு பிழைப்பு. நான் ஸ்வெட்டரே வாங்கிவிட்டேன். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் கேட்டதற்கு, ஜவுளிக்கடை பாய் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் குறை.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். பெயர் மெயின் ஜெட். அதன் நடுவிலுள்ள ஊசித் துளை வழியாகத்தான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும். கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு கம்பியைப் பிரித்து, அந்தத் துளையைக் குடைந்து பெரிதாக்கினேன். வறண்டு கிடந்த ஏரிக்குள் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பின்னால் ஏரியே தெரியவில்லை.

எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "இன்னாபா, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?"

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா மாமா, நீ பாட்டுக்கு ஓட்டிக்கினு கீற, இப்டி பொகையுதே?"

"இங்க லோடு இல்லடா. மல ஏறட்டும், பொக தானா பூடும்."

குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போனோம். முதல் சவாரிக்கு ஒரு புதுமணத் தம்பதி. அந்தப் பெண் ஹெல்மெட்டோடு செல்ஃபிகூட எடுத்து முடித்துவிட்டாள். வண்டி முக்கியது, இருமியது, நின்றது. அந்தக் குளிரிலும் ஸ்வெட்டருக்குள் வேர்வை ஊற்றியது.

"குளுருடா" என்றேன். பிறகு, "பெட்ரோலு கலப்படம்" என்றேன்.

"அதே பெட்ரோலத்தான் என் பைக்கும் குடிக்குது மாமா. அது ஓடுதே?"

பயத்தில் மூளை வேலை செய்யும் என்பார்கள். எனக்குக் கைதான் வேலை செய்தது. ஜெட்டைக் கழற்றி இன்னும் கொஞ்சம் குடைந்தேன். இந்த முறை வண்டி இருமக்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், அடுப்புக்கரி பெட்ரோலில் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. தம்பதி ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்து, "பரவால்ல அங்கிள்" என்றாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

எஸ்டேட் ஜீப்பில் வந்த உள்ளூர் மெக்கானிக் ஒருவர் நின்று பார்த்தார். பிளக்கை முகர்ந்தார். சிரிக்கக்கூட இல்லை.

"அண்ணா, இங்க காத்து கம்மிங்க. அதுக்குத் தக்கன பெட்ரோலையும் கொறைக்கோணும். நீங்க அள்ளி ஊத்தியிருக்கீங்க."

தன் டப்பாவிலிருந்து சின்னத் துளையுள்ள ஜெட் ஒன்றை எடுத்து மாட்டினார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வண்டி புகையில்லாமல் சரிவில் ஏறிப் போய்த் திரும்பி வந்தது. நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

மச்சான் என்னைத் திட்டுவான் என்று நாலைந்து பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. அந்த மெக்கானிக்கின் நம்பரை போனில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். அதுவரை நீ, வா, போ என்று பேசியவன் சொன்னான்:

"மாமா, நீங்க ஊருக்குக் கெளம்புங்க. அக்கா தனியா கீது."

மலைக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் அதையேதான் அவளும் சொல்கிறாள்.

அந்த மலைக்காரர்தான் இப்போது அங்கே மெக்கானிக். மச்சான் என்னைக் கூப்பிடவே இல்லை.