காட்டுக்கடியில் கிடந்த ஏரி

புதூர்ப் பக்கம் யார் கிணறு வெட்டினாலும் வேதமணியைத்தான் கூப்பிடுவார்கள். ஊரார் நிலத்திலெல்லாம் தண்ணீர் கண்ட மனுசனுக்குச் சொந்தமாக ஒரு கிணறு கிடையாது. மழை அடியோடு பொய்த்த 1983 கோடையில்தான் தன் மானாவாரிக் காட்டில் கடப்பாரையை ஊன்றினார். இதிலும் தண்ணீர் இல்லையென்றால் காட்டைப் போட்டுவிட்டுப் பெண்டாட்டியோடு கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான்.

கரிசலும் அதன் கீழிருந்த சுக்கான் கல்லும் முடிந்து, சாம்பல் நிறத்தில் களிமண் வந்தது. அதில் பொடிப்பொடியாக நத்தைக் கூடுகள். இந்த வறண்ட காட்டுக்கடியில் நத்தைக்கு என்ன வேலை? வேதமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஏட்டி கிருபா, எந்தக் காலத்துலயோ இங்கன ஏரி கெடந்திருக்கு! தண்ணி பக்கத்துலதான் இருக்கு."

மேலே நின்று கூடையை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, துளி மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மண்ணு கரிக்குதே. காஞ்ச ஏரியில உப்புதான மிஞ்சும்?"

"வாயைக் கழுவுட்டி. மொதக் குடம் ஒனக்குத்தான்."

புதுக் கிணற்றின் முதல் தண்ணீரை வீட்டுக்காரிதான் குடிக்க வேண்டும். அது அங்கே வழக்கம்.

அடுத்தவர் கிணற்றில் யாராவது மண்ணைக் கரையோரம் குவித்தால் வேதமணி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். தன் கிணற்றுக்கு வந்தபோது ஆசை கண்ணை மறைத்தது. அந்த ஏரி வண்டல் காட்டுக்கு நல்ல உரமாயிற்றே, அள்ளிப் பரப்ப வசதியாக இருக்கட்டும் என்று விளிம்பிலேயே குவிக்கச் சொன்னார்.

ஒருநாள் சாயங்காலம் கோடைமழை ஒரு பாட்டம் பெய்தது. ஊரே வானத்தைக் கும்பிட்டது. மறுநாள் காலை, வெடிப்பெல்லாம் நீர் குடித்திருந்த கரிசல் கரை, மண்குவியலின் பாரம் தாங்காமல், விளிம்பில் நின்ற கிருபாவோடு சேர்ந்து சரிந்தது. கிணற்றுக்குள் எதிர்ச்சுவரோரம் நின்றதால் வேதமணி இடுப்பளவுதான் புதைந்தார். வெறும் கையால் தோண்டினார். அவளை வெளியே எடுத்தபோது மூச்சில்லை. தலைமுடியெல்லாம் நத்தைக் கூடு.

அடக்கம் முடிந்து, யார் தடுத்தும் கேட்காமல் மறுபடி இறங்கினார். பாவி மனுசனுக்கு அப்போதுதான் ஊற்றுக் கண் திறந்தது.

முதல் குடத்தைத் தோளில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஊற்றுமுன் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நீ சொன்னதுதான்ட்டி," என்றார். "கரிக்குது."

அதை அவள்மேல் ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை.