மூன்றாம் வகுப்பின் கொசு பாட்டில்

“உங்க வீட்ல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நீதான? அதான் எதையும் தொட்டுப் பாக்கணும்ங்குற. எங்களுக்கெல்லாம் படத்தைப் பாத்தாலே புரிஞ்சுடும்.”

மும்பை தாராவிப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் தலைமையாசிரியை சொன்னது இது. வேலை தற்காலிகம், நீடிப்பது அவர் கையில். முதலில் படித்தவள் நான்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிபவள். அதனால் உறைக்கவில்லை.

பாடம் ‘உயிருள்ளவை’. புத்தகத்தில் மான் படம். எங்கள் சந்தில் மான் கிடையாது. தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு உண்டு. பாட்டிலில் பிடித்து, அதன் வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டி, வகுப்பில் வைத்தேன்.

“டீச்சர், தலகீழா தொங்குதுல்லா! எதுக்கு?” என்றாள் ஜெனிபர்.

“நீயே பாரு.”

பாட்டிலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். “வாலால மூச்சு விடுது! சீ!”

உடனே வகுப்பே அப்படி மூச்சு விட முயன்றது. அதற்குமேல் எழுதுவது கண்ணியமல்ல.

மறுநாள் கொசு ஒழிப்பு ஆய்வாளர் வந்தார். பாட்டிலைப் பார்த்ததும், “நாங்க கொல்றோம், நீங்க வளக்குறீங்களா மேடம்?” என்று இந்தியில் கேட்டார். அதைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் வகுப்பு.

“நான் அப்பவே சொன்னேன். இந்தக் கூத்து இன்னையோட சரி. உன் வேலையும்தான்” என்றார் தலைமையாசிரியை.

ஜெனிபரின் மூக்கு அதற்குள் அவர் மேசையிலிருந்த மணிபிளான்ட் பாட்டிலில் ஒட்டியிருந்தது.

“டீச்சர், இங்கயும் வாலால மூச்சு விடுது! நம்ம பாட்டில்ல துணி கட்டிருக்கு. பெரிய டீச்சர் தொறந்துல்லா போட்டுருக்காவ!”

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். “அபராத நோட்டீஸ் எந்த பாட்டிலுக்கு எழுதட்டும், மேடம்?”

“ஐயோ, சாக்கடைல கொட்டுங்க அதை!” என்று அலறினார் தலைமையாசிரியை.

“சாக்கடைல பொழச்சிரும். வெயில்ல காஞ்ச தரையில கொட்டணும்” என்றது மூன்றாம் வகுப்பு, ஒரே குரலில்.

ஆய்வாளர் சிரித்துக்கொண்டே நோட்டீஸ் புத்தகத்தை மூடினார். அவர் போனபின் தலைமையாசிரியை என்னிடம், “உன் புழு பூச்சியெல்லாம் உன் கிளாஸோட நிக்கட்டும். என் ரூம் பக்கம் வரக்கூடாது” என்றார்.

அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று: உயிரோடு எதைக் கொண்டுவந்தாலும் மூடியோடு கொண்டுவாருங்கள்.

அடுத்த பாடம் ஆறுகால் பூச்சிகள். கரப்பான்களைப் பிடித்து, டப்பா மூடியில் காற்றுத் துளையும் போட்டாயிற்று. தேடி அலையவில்லை, ஸ்டாஃப் ரூம் டிபன் அலமாரியிலேயே கிடைத்தன.