நசுங்க வேண்டிய ஆறு குழாய்கள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சித்தி பாடுபட்டு நசுக்கி வைத்திருந்த ஆறு குழாய்களில் நான்கை ஒரே காலையில் சரிசெய்து கொடுத்தேன். சரிசெய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். வீட்டை ஒட்டி அப்பாவின் டிங்கரிங் பட்டறை. மோதி நசுங்கிய வேன், கார், ஷேர் ஆட்டோ எல்லாம் வரும். அப்பா ஒடுக்கு எடுத்துப் பழைய உருவத்தில் அனுப்பி வைப்பார். அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் தங்கி, தினமும் ரயிலில் சிதம்பரம் போய் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்டது விமானம். சக்கரம் இறங்காமல் விமானம் வயிற்றால் தரையில் மோதினாலும் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். அதற்காக உட்காரும் தளத்துக்கு அடியில் மெல்லிய அலுமினியக் குழாய்களை நிறுத்தி வைக்கலாமாம். மோதும்போது அவை மடிந்து மடிந்து நசுங்கும். அடியைத் தாங்களே வாங்கிக்கொள்ளும்.

அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. “நசுங்குனா எனக்குப் பொழப்பு. பிளேன்ல போறவனுக்கு என்னா லாபம்?” என்று சிரிப்பார்.

சனிக்கிழமை மொட்டை மாடியில் சோதனை நடந்தது. இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே குழாயை நிறுத்தி, மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாவைக் கயிற்றில் உயரத் தூக்கி அதன்மேல் விழ விட்டாள் சித்தி. செல்போனில் படம் பிடிப்பது என் வேலை. ஆறு குழாய்களும் ஆர்மோனியத் துருத்திபோல மடிந்து குட்டையாகிவிட்டன. திங்கட்கிழமை கல்லூரியில் அவற்றை அளந்து பார்ப்பார்கள் என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டும் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லையே, சாருக்கு என்ன பதில் சொல்வாள்? மறுநாள் காலை ரிப்போர்ட்டை பைண்டிங் கொடுக்க அவள் வெளியே போனதும், பட்டறையிலிருந்து ஒரு கம்பியும் மரச் சுத்தியலும் எடுத்து வந்தேன். குழாய்க்குள் கம்பியை விட்டு, அப்பா செய்வதுபோலவே மெல்ல மெல்லத் தட்டினேன். ஓரிரு இடங்களில் கிழிந்தாலும் மடிப்புகள் கொஞ்சம் நிமிரத்தான் செய்தன.

“யாருடி இதத் தொட்டது?”

“நான்தான் சித்தி. நாலு முடிச்சிட்டேன். ரெண்டுதான் பாக்கி” என்றேன் பெருமையாக.

சித்தி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். “உடு அக்கா. நல்லதுன்னு நெனச்சித்தான் செஞ்சிருக்கு” என்றாள் சித்தி.

டீக்கடையிலிருந்து திரும்பிய அப்பா விஷயத்தைக் கேட்டார். என் குழாய் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வேல சுத்தமாத்தான் இருக்கு” என்றார். அம்மா அவரை முறைத்தாள்.

“கொழா மிச்சம் இருக்காம்மா?”

“ஒரு நீளம் இருக்கு மாமா. மொதல்ல சிதம்பரத்துல லேத் கடையிலதான் குடுத்து அறுத்தேன். இன்னிக்கி லீவு.”

“நான் எதுக்கு இருக்கேன்?”

இரண்டு முனையும் பிசிறில்லாமல் நான்கு துண்டுகள் அறுத்துக் கொடுத்தார். மணல் டப்பாவைத் தோளில் வைத்து மாடிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். சோதனையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். டப்பா இறங்கியது. குழாய் மடிந்தது. டப்பா துள்ளவில்லை, வைத்த மாதிரி அப்படியே உட்கார்ந்தது.

அப்பா கிட்டே போய்க் குந்திக்கொண்டார். “இது நசுங்காத நின்னா?”

“அடி நேரா மேல இருக்கறவங்களுக்குப் போயிடும் மாமா.”

அப்பா நசுங்கிய குழாயைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்தபடியே சொன்னார். குறிஞ்சிப்பாடியில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தாராம், வேன் ஓட்டுபவர். வண்டி கெட்டியாக இருக்கட்டும் என்று கேட்டதால் அப்பா முன்பக்கம் முழுக்க கனத்த இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறார். முந்தின வருஷம் அந்த வேன் புளியமரத்தில் மோதியது.

“வண்டிக்கு ஒண்ணுமே ஆவல. ஒரு லைட்டு ஒடையல. அவன் மட்டும் போயிட்டான். எப்புடின்னு இத்தினி நாளு எனக்குப் புரியலம்மா.”

“வேகமா போயிருப்பாரு மாமா. அது மட்டுமே காரணமா இருக்காது” என்றாள் சித்தி.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சற்றுப் பொறுத்து எழுந்து, “இன்னும் மூணு இருக்குதில்ல. வையி” என்றார்.

சித்தி திங்கட்கிழமை ஆறு குழாய்களோடு சிதம்பரம் போனாள், தேறினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செல்போனைப் பிடித்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. மரத்தில் மோதியும் ஒரு விளக்குகூட உடையாத அளவுக்கு அப்பா வேலை செய்திருக்கிறார். அதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.