வக்கீல் அரிகரனின் சனிக்கிழமைகள்

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை எந்த வக்கீல் பொய் சொன்னாலும் என் இடது காது துடித்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அந்தக் காது கேட்காமல் போய் மூன்று வருஷமாகிறது. ஆனால் கரிக்கலாம்பாக்கத்து அரிகரன் விஷயத்தில் அது துடித்தது நிஜம்.

அரிகரன் என் வக்கீல். அப்பாவோடு கரும்பு வெட்டிக்கொண்டே சட்டம் படித்தவர். என் கரும்புக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்தில் மனை போட்டவர் கல் நட்டு அடைத்துவிட, அந்த வழக்கை எடுத்தவர். அவர் வாதாடினால் கோர்ட்டு மின்விசிறிகூட நின்று கேட்கும். அப்படிப்பட்டவர் வரிசையாக நான்கு வாய்தா வாங்கினார். நான்காவது முறை எழுந்து நின்றவர் நனைந்த கோழி மாதிரி விழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு அமிர்தம் சேதியோடு வந்தாள்.

"ஆயா, உங்க வக்கீலு சனிக்கெழமையானா மதகடிப்பட்டுல ஒரு வூட்டுக்குப் போறாரு. வாசல்ல போர்டு இல்ல, கையில கேஸ் கட்டும் இல்ல. பின்னாலயே யாரு போனாருன்ற? புகழ்வேந்தன்."

புகழ்வேந்தன் என் வழக்கில் எதிர்க்கட்சி வக்கீல். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் பாதையை விற்றுவிட்டார்கள் என்று ஊரே பேசியது. ஊரை அப்படிப் பேச வைத்ததில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு.

வக்கீலை மாற்ற வேண்டுமானால், பழைய வக்கீல் 'ஆட்சேபனை இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளோடு அடுத்த சனிக்கிழமை அமிர்தத்தின் ஸ்கூட்டரில் ஏறினேன்.

அந்த வீட்டு வாசலில் ஆறு ஜோடி கறுப்பு ஷூ. கதவைத் திறந்த பெண் தன் பெயர் ஆரோக்கியசெல்வி என்றாள்.

"உள்ள அரிகரன் இருக்காரா?"

"இருக்காருன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்மா."

"வக்கீலுங்களே தேவல போலிருக்கே."

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அரிகரன் தோளில் புகழ்வேந்தனின் கை. நான் தாளை நீட்டினேன். அரிகரன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா வெலைக்குப் போன?" என்றேன்.

"வெலைக்கெல்லாம் போவலம்மா. ஆறு மாசமா தூக்கமில்ல. கோட்டு போட்டாலே நெஞ்சு அடைக்குது. அன்னிக்கு உங்க கேஸைக் கூப்பிட்டப்ப நாக்கு எழும்பல. இந்த ஆரோக்கியசெல்வியம்மா மனசுக்கு வைத்தியம் பாக்குறவங்க. வக்கீலுங்களுக்குன்னே சனிக்கெழம உக்காந்து பேச வெக்கிறாங்க."

"எதிர்க்கட்சி வக்கீலோடயா?"

"எனக்கும் அதே நோவுதாம்மா," என்றார் புகழ்வேந்தன். "கேஸ் பத்தி இங்க வாயத் தொறக்கக் கூடாது. அதுதான் மொத கண்டிஷன்."

"சரி, ஊரு உன்ன வெல போனவன்னு பேசுதே. உண்மைய சொல்லிட வேண்டியதுதானே?"

அரிகரன் முதல்முறையாகச் சிரித்தார். "வெல போறவன்னா நாலு கட்சிக்காரன் கூடுதலா வருவான். மனசு சரியில்லன்னா இருக்குறவனும் போயிடுவான்."

நானே போவதற்குத்தானே தாளோடு வந்திருந்தேன்.

நான் அவரை விடவில்லை. அவரும் சனிக்கிழமைகளை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் கோர்ட்டில் எழுந்து ஏழு நிமிடம் பேசினார். நடுவில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கோர்ட்டு அனுப்பிய ஆணையர் வந்து பாதையை அளந்துவிட்டுப் போயிருக்கிறார். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

எழுதலாம் என்று அரிகரனே சொன்னதால்தான் இதை எழுதினேன். நேற்று அவரையும் அமிர்தத்தையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கடைசி வரி இப்படி இருந்தது: 'அவர் கையெழுத்துப் போட்ட தாளை அந்த வாசலிலேயே சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.'

அமிர்தம் குறுக்கிட்டாள்:

"எங்க ஆயா கிழிச்ச? தீர்ப்பு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு அரிசிப் பானைக்கு அடியில வெச்சிருக்க."