வெலிகா தடுமாறாமல் படித்த பக்கம்

ருமேனா என்கிற பெயரை வெலிகா முதன்முதலாகக் கேட்டது ஒரு குடைமிளகாய்த் தொக்குக் காலத்தில். அண்ணன் சாங்கோ ஆர்ச்சாரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து அம்மாவிடம் சொன்னான். பெரியம்மாவின் ஓரகத்தி இருக்கிறாளே, அவள் தம்பி மகளாம், பெயர் ருமேனாவாம். முற்றத்தில் அண்டா வைத்துத் தொக்கு கிளறிக்கொண்டே மடியில் கதைப்புத்தகத்தை விரித்து வைத்திருந்தாளாம். தொக்கு அடிப்பிடித்துத் தெருவெல்லாம் கருகல் வாடை. பெரியம்மா ஓடிவந்து கத்தியபோதும் அந்தப் பெண் நிமிராமல், இந்த ஒரு பக்கத்தை முடித்துவிடுகிறேன் என்றாளாம். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். சாங்கோ மட்டும் அந்தக் கருகின தொக்கை ரொட்டியில் தடவித் தடவித் தின்றுவிட்டு வந்திருந்தான். நல்லாத்தான் இருந்தது என்று வேறு சொன்னான். இவள்தான் அண்ணி என்று வெலிகாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த வசந்தத்தில் ருமேனா சாங்கோவைக் கட்டிக்கொண்டு இவர்கள் ஊரான டோல்னி இஸ்வோருக்கு வாழ வந்தாள். கூட்டுறவுப் பால் நிலையத்தில் கேன் கழுவினாள். மாமியாரோடு சண்டை போட்டாள், சமாதானமானாள், மறுபடி போட்டாள். ஒரே பெண் பிறந்தது, நெவெனா. அந்தப் பெண் பதினேழு வயதில், தோழி வீட்டில் கணக்குப் போடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, டான்யூப் ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். திரும்பவில்லை.

நாற்பதாம் நாள் காரியச் சாப்பாடு முடிந்ததும் சாங்கோ உறவுக்காரர்களை எல்லாம் கொல்லைப்புறம் கூப்பிட்டு, இனி ருமேனாவின் முன்னால் யாரும் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்றான். அவளால் தாங்க முடியாது என்றான். யாரும் எடுக்கவில்லை. சித்தப்பா வீட்டில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்க இருந்தவர்கள்கூட மாற்றிவிட்டார்கள். வருஷா வருஷம், செத்தவர்களை நினைக்கும் ஆன்மாக்கள் சனிக்கிழமையில் ருமேனா வாசலில் அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு நிற்பாள். போகிறவர்கள் வருகிறவர்கள் உள்ளங்கையில் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, “கடவுள் மன்னிக்கட்டும்” என்று முனகிவிட்டுப் போவார்கள். செத்தவர்களுக்காகக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. யார் பெயரில் என்று கேட்பார்கள், ருமேனாவிடம் மட்டும் கேட்க மாட்டார்கள். சாங்கோவும் போய்ச் சேர்ந்தான். அவன் போட்ட கட்டளை மட்டும் போகவில்லை.

ஊரில் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். படிப்பகம் மட்டும் அரைநாள் திறந்திருந்தது. அங்கே இளவட்டங்களுக்கான அலமாரி என்று ஒன்று உண்டு. படிக்க இளவட்டம் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு, மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வந்துகொண்டே இருந்தது. பால் நிலையமும் மூடியபிறகு ருமேனா அந்த அலமாரியை ஒரு கோடியிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். எல்லாம் பேய், மர்மம், காணாமல் போன பெண், பாழடைந்த வீடு. படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட பெட்ரானா கேலி செய்யாத நாளில்லை.

“உன் வயசுல உள்ளவங்க காதல் கதை கேப்பாங்க. நீ என்னடான்னா பேயைக் கேக்குற.”

“காதல் கதையில யாரு பொய் சொல்றான்னு மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுடுது பெட்ரானா. எனக்குக் கதை சொல்றவளே பொய் சொல்லணும். கூடவே போய் அவளை நான் கையும் களவுமாப் பிடிக்கணும்.”

பிடித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், அதுதான் அவளுக்குக் குறை. வேலிக்கு அந்தப் பக்கம் வெலிகாதான் இருந்தாள். நாலாம் வகுப்போடு நின்றவள். மின்கட்டணச் சீட்டையும் விளக்குக் கம்பத்தில் ஒட்டும் சாவு அறிவிப்பையும் தவிர எதையும் எழுத்துக்கூட்டிப் பார்த்ததில்லை. ருமேனா வேலியோரம் வந்து, கதையில் வரும் அண்ணன்காரன்தான் உண்மையில் கொலைகாரன், ஆனால் கதை சொல்கிற தங்கைக்காரி நம்மிடம் அதை மறைக்கிறாள் என்று ஆரம்பித்தால், வெலிகா கோழி அடைக்க வேண்டும் என்று நழுவிவிடுவாள். கோழிக்கு அவ்வளவு அவசரம் இருந்ததில்லை. செத்தவர்கள் வரும் கதையை அண்ணியோடு பேசப் பயம், அவ்வளவுதான். வாய் தவறி ஒரு பெயர் வந்துவிட்டால்?

அப்படியே வருஷங்கள் போயின. புகை வரும் கூரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது. வெலிகாவின் மகன் ஜெர்மனியில் லாரி ஓட்டினான், ஈஸ்டருக்கு வந்தால் வருவான். பனி விழுந்த நாளில் வெலிகா வாசலில் நின்று பார்த்தால் தெருவில் அவள் காலடியைத் தவிர இன்னொரு காலடி இருக்காது.

அப்படி ஒரு குளிர்காலத்தின் தொடக்கத்தில் ருமேனா தலைத்துணியில் எதையோ சுற்றிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு முறை வர வசந்தமாகும் என்று லோம் நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். துணிக்குள் ஒரு புத்தகம். கறுப்பு அட்டை, பாதி முகம் மட்டும் தெரியும் ஒரு பெண்.

“அடி வெலிகா, மூணுல ஒரு பங்கு நானே படிச்சுட்டேன். மிச்சத்தை நீ படிச்சுக் காட்டு.”

“நானா? அண்ணி, நான் ஒரு வரி படிக்கிறதுக்குள்ள நீங்க ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கலாம்.”

“தூங்கிக்கிறேன். வசந்தம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. இந்தப் பொய்க்காரி கடைசியில என்னதான் சொல்றான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

வாழ வந்த நாளிலிருந்து ருமேனா வெலிகாவிடம் எதுவும் கேட்டதில்லை, ஒரு பிடி உப்புகூட. வெலிகா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் அடுப்போரம் இருவரும் உட்கார்வார்கள். லிண்டன் பூத் தேநீர் ஒரு கோப்பை, வறுத்த பூசணி விதை ஒரு கிண்ணம். அதுவரை நடந்ததை ருமேனா முதல் நாளே சொல்லிவிட்டாள். கடலோர ஊர் ஒன்று. எலினா என்ற பதினேழு வயதுப் பெண்தான் கதை சொல்கிறாள். கோடை முடிந்ததிலிருந்து அம்மா இவளோடு பேசுவதில்லை, ஏதோ கோபமாம். வீட்டில் ஒரு பேய் நடமாடுகிறது, பொருட்களை இடம் மாற்றுகிறது, இரவில் அழுகிறது. அது யார் என்று கண்டுபிடிக்கப் போகிறேன் என்கிறாள் எலினா. கோடையின் கடைசி ராத்திரி வீட்டிலேயே இருந்தேன் என்று முதல் அத்தியாயத்தில் சொன்னவள், ஐந்தாம் அத்தியாயத்தில் ஹோட்டல் படகுத்துறையில் நின்றதாக உளறுகிறாள்.

வெலிகா படித்தாள். விரலை வரியில் வைத்து, கல்லுப் பாதையில் போகும் மாட்டுவண்டி மாதிரி படித்தாள். நீளமான வார்த்தை வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. ருமேனா கண்ணை மூடிக் கேட்பாள். திடீரென்று முழங்காலில் அடித்துக்கொள்வாள்.

“நிறுத்து. பூனை என்னைப் பார்த்துச் சீறுச்சுங்கிறா பாரு. போன வாரம் அந்தப் பூனை மடியில படுத்துத் தூங்குச்சுன்னா. எது பொய்?”

“பூனைதான் பொய் சொல்லுது போல,” என்றாள் வெலிகா. ருமேனாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

வெலிகாவுக்கே அது பிடித்துப்போனது ஆச்சரியம்தான். காலையில் கோழிக்குத் தீனி போடும்போது, அந்தப் படகுத்துறையில் இவளோடு நின்றது யாராக இருக்கும் என்று யோசிப்பாள். மத்தியானம் எப்போது வரும் என்றிருக்கும். முன்கூட்டி ஒரு பக்கம் பார்த்துவைக்கலாம் என்று ஆசைப்பட்டும் பார்க்கவில்லை, அண்ணிக்குத் துரோகம் என்று.

பார்த்து வைத்திருந்தால் தப்பித்திருப்பாள். கடைசி அத்தியாயத்தில் எலினா தன் அலமாரியைத் திறக்கிறாள், துணி ஒன்றும் இல்லை. அம்மாவின் பின்னாலேயே மலைச்சரிவு ஏறிப் போகிறாள். அங்கே ஒரு கல்லறைக் கல்லில் பதித்த படத்தில் தன் முகத்தைப் பார்க்கிறாள். வெலிகாவின் விரல் அடுத்த வரியில் போய் நின்றது. ‘அந்த ராத்திரியிலிருந்து நான் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறேன்.’ பதினேழு வயசு. தண்ணீர். வீட்டில் அழுத பேய் பெற்றவள்தான். செத்தது இவள்.

அண்ணன் கொல்லைப்புறத்தில் நின்று சொன்னது வெலிகாவின் காதில் கேட்டது. அவள் இருமினாள், ஒரு மடக்கு தேநீர் குடித்தாள், பிறகு படித்தாள். கல்லில் இருந்தது வேறு யாரோ ஒரு முகம். அம்மா திரும்பிப் பார்த்தாள், கோபம் போய்விட்டது. வா வீட்டுக்குப் போகலாம் என்று கட்டிக்கொண்டாள். இருவரும் போய் மீன் சூப் குடித்தார்கள். சூப்பில் வெந்தயக்கீரை கூடப் போட்டிருந்தது. பேய் ஊரை விட்டே போய்விட்டது. முடிந்தது.

அடுப்பில் விறகு வெடித்தது. ருமேனா ஒரு பூசணி விதையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“சூப்பு நல்லா இருந்துச்சாமா?”

“இருந்துச்சாம்.”

“வெலிகா, மூணு வாரமா ஒவ்வொரு வரிக்கும் நொண்டி நொண்டி வந்தே. இப்ப குதிரை மாதிரி ஓடுறியே. ஒரு பக்கம் திருப்புற சத்தம்கூடக் கேக்கலையே.”

வெலிகா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். முகம் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

“அந்தப் பொண்ணு செத்துட்டா, அதானே?” என்றாள் ருமேனா. “எனக்கு நாலாம் அத்தியாயத்துலயே தெரியும். அவ அம்மா வாசல்ல நின்னு எல்லாருக்கும் இனிப்பு ரொட்டி குடுக்கிறா. வாங்கினவங்க ஒருத்தரும் நன்றி சொல்லல, ஏதோ முனகிட்டுப் போறாங்க, இந்த ஊரு ஜனத்துக்கு மரியாதையே தெரியலன்னு எலினா கோவிச்சுக்கிறா. வாசல்ல நின்னு குடுத்தவளுக்குத் தெரியாதா, யாருக்குக் குடுத்தா நன்றி சொல்ல மாட்டாங்கன்னு?”

“தெரிஞ்சுமா இவ்வளவு நாள் படிக்கச் சொன்னீங்க?”

“தெரிஞ்சதாலதான். அது அவளுக்கு எப்பத் தெரியப் போகுதுன்னு பாக்கணும்.” ருமேனா கைதடவி வெலிகாவின் முழங்கையைப் பிடித்தாள். “உங்க அண்ணன் கொல்லைப்புறத்துல சொன்னது எனக்குச் சமையக்கட்டு ஜன்னல்ல கேட்டுச்சு. நல்லதுக்குன்னு நெனச்சு அவரு சொன்னாரு, நல்லதுக்குன்னு நெனச்சு நீங்கள்லாம் வாயை மூடுனீங்க. என் பொண்ணு பேரை வேற ஒரு வாய் சொல்லி நான் அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. இந்தப் புத்தகத்துல ஒரு செத்த பொண்ணு முந்நூறு பக்கம் வாய் ஓயாமப் பேசுறா. பொய் சொல்றா, எல்லாரையும் திட்டுறா, நேத்து செஞ்சதை இன்னைக்கு மாத்திச் சொல்றா. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இப்ப அச்சுல இருக்கிறதைப் படி.”

வெலிகா படித்தாள். நொண்டி நொண்டி, ஒவ்வொரு வார்த்தையாக இறங்கித் தள்ளி, கடைசி வரி வரைக்கும். தண்ணீருக்கு அடியில் என்று வந்த இடத்தில் ருமேனா அழவில்லை. “அப்படி வா வழிக்கு, பொய்க்காரி,” என்று மெதுவாகச் சொன்னாள், பிடிபட்ட பெண்ணின் காதைத் திருகுகிற மாதிரி.

புத்தகம் முடிந்த பிறகும் வெலிகா எழுந்திருக்கவில்லை. வாயில் ஒரு பெயர் வந்து வந்து போயிற்று. கடைசியில் சொல்லிவிட்டாள்.

“நெவெனா ஒரு தடவை எங்கிட்ட வந்து, அம்மா உதட்டுச் சாயம் கேட்டாங்க அத்தைன்னா. நானும் எடுத்துக் குடுத்துட்டேன்.”

“நான் என்னைக்குடி உதட்டுச் சாயம் பூசினேன்?”

“அதான், நானும் உங்க உதட்டையே பாத்துட்டிருந்தேன், அண்ணி. ஒரு மாசம்.”

ருமேனா சிரித்தாள். பிறகு, திருப்பிக் குடுத்தாளா என்று கேட்டாள். இல்லை என்றாள் வெலிகா. என்ன நிறம் என்று கேட்டாள். சொன்னாள். இன்னும் இருக்கா, சொல்லு என்றாள். இருந்தது. ஜன்னல் கறுக்கும்வரை வெலிகா சொல்லிக்கொண்டிருந்தாள், அன்றைக்குக் கோழி அடைக்கவே மறந்துபோனாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் அலமாரியில் மிச்சமிருந்ததைப் படித்தார்கள். பெட்ரானா, இப்போது பேய்க்கு இரண்டு பேர் வாடிக்கையா என்றாள். வசந்தத்தில் ஒரு கண்ணுக்கு அறுவை நடந்தது, பார்வை பாதிதான் திரும்பியது. அடுத்த வருஷம் பனியில் வழுக்கி ருமேனாவுக்கு இடுப்பு எலும்பு போயிற்று. தூக்கி விட வெலிகாவுக்குத் தெம்பில்லை, ஊரில் வேறு ஆளுமில்லை. ஆர்ச்சாரிலிருந்து ருமேனாவின் அண்ணன் மகன் வந்து அவளை லோமுக்குக் கொண்டுபோனான். அண்ணி வீட்டுக் கூரையிலும் புகை நின்றது.

வெலிகா இன்னும் மத்தியானம் சாப்பிட்டதும் அடுப்போரம் உட்கார்ந்து, விரல் வைத்து, வாய்விட்டுத்தான் படிக்கிறாள். மனசுக்குள் படிக்க அவளுக்கு வரவில்லை. நடுவில் நிறுத்தி, யார் பொய் சொல்கிறார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்கிறாள். பேருந்து ஓடுகிற நாளில் போய் அண்ணியிடம் சொல்ல வேண்டும். குளிரில் அது பல வாரம் ஓடுவதில்லை.

ருமேனா இப்போது லோம் நகரத்து முதியோர் இல்லத்தில், மாடியில், மூன்று பேர் படுக்கும் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள்.