நிர்மலா அக்காவின் மின்சுற்று

கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது நிர்மலா அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். “அன்ரி, அம்மா போயிட்டா. விடிய நெஞ்சு நோகுது எண்டவ...”

அடக்கத்தன்று, பிரான்காச்சோவில் நாங்கள் வேலை செய்த பட்டறையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. ‘எங்கள் அன்பான துப்புரவுப் பணியாளருக்கு’ என்று அதில் இத்தாலிய மொழியில் எழுதியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. அக்காவைத் தெரிந்த உங்களுக்கு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் படித்துப் பட்டம் பெற்றவர். அந்தச் சான்றிதழ் நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் செல்லாது என்றார்கள். பட்டறையைக் கூட்டித் துடைக்க வந்தவரின் கைத்திறனைக் கண்ட முதலாளி, அவரை ஈயம் பற்றவைக்கும் மேசைக்கு, என் பக்கத்துக் கதிரைக்கு மாற்றினார். பதிவுத்தாளில் மட்டும் கடைசிவரை துப்புரவுப் பணியாளர்தான்.

நாங்கள் செய்வது, தசைநோவுக்குச் சிறிய மின்னோட்டம் கொடுக்கும் கருவி. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்றில் ஓடும் மின்னோட்டத்தை மற்றது அப்படியே பிரதி எடுக்க வேண்டும். அதைத்தான் ‘கரண்ட் மிரர்’ என்பார்கள். ஒருநாள் அக்கா, நோயாளியின் தோலுக்குப் பதிலாக வெவ்வேறு மின்தடைகளை வைத்து அளந்தார். தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடியது. டிரான்சிஸ்டர் சூடாக, இன்னும் ஏறியது.

“இது பிரதியே இல்லை. ஈரத் தோலிலை வைச்சால் சுடும்,” என்றார். போய்ப் பொறியியலாளரிடமும் சொன்னார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“சிஞோரா, நீங்கள் பற்றவையுங்கள், போதும்.”

இரண்டு மாதத்தில், எங்கள் கருவியை வைத்த இடத்தில் ஒரு பஸ் சாரதியின் தோளில் கொப்புளம் போட்டது. அப்போதுதான் அந்தப் பொறியியலாளர் அக்காவின் கதிரையருகே வந்து நின்றார். அக்கா குத்திக்காட்டவில்லை. ஒரே அளவு காட்டும் இரண்டு டிரான்சிஸ்டர்களைத் தேடி எடுத்து, சூடு இரண்டுக்கும் சமமாக இருக்கும்படி முதுகோடு முதுகாக ஒட்டினார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சிறு தடை. மேலே மூன்றாவதாக இன்னொரு டிரான்சிஸ்டர்.

“தோல் பக்கம் வோல்டேஜ் என்ன ஆட்டம் போட்டாலும் கீழை இருக்கிறதுக்குத் தெரியக் கூடாது,” என்றார். பிறகு எந்தத் தடையை வைத்து அளந்தும் மீட்டரில் எண் அசையவில்லை.

புதிய வரைபடம் பொறியியலாளரின் பெயரில் போனது. அக்கா அவரிடம் நேரே கேட்டார். “பட்டம் உள்ளவர் பெயர்தான் போடலாம்,” என்று பதில் வந்தது. பட்டம் உள்ளவரிடமே அப்படிச் சொன்னார்!

அன்று பஸ்ஸில் அக்கா என்னிடம், “பேரிலை என்ன இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்ல வரவேண்டாம். அது என்ரை வேலை,” என்றார். முதலாளியிடம் போய் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெட்கமும் இந்த ஆத்திரத்தில் கலந்திருக்கிறது.

போன கிழமை, அக்காவின் அடக்கம் முடிந்தபிறகு, சோடி பார்க்காத டிரான்சிஸ்டர்கள் பூட்டிய பன்னிரண்டு மின்சுற்றுப் பலகைகள் என் மேசைக்கு வந்தன. அவசரம், சரிபார்த்ததாகக் கையெழுத்து வை என்றார் முதலாளி. அளந்தேன்; ஒன்றும் பொருந்தவில்லை. அப்படியே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

“இப்போது நீயுமா?” என்றார்.

“ஓம், நானும்தான்.” தமிழில்தான் சொன்னேன், அவருக்கு விளங்கியது.

நிர்மலா அக்கா விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இதுதான்: பிழையான பலகையில் இனி என் கையெழுத்து விழாது.