எங்கள் லேப்டாப்புக்கு மூன்று காவலர்கள்

சொந்தக்காரர்களுக்கு நான் கம்ப்யூட்டர் டாக்டர். புனேயில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேனேஜர் என்றால் ஊரில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் யாரோ எழுதிய நிரலில் யாரோ கண்டுபிடித்த பிழைகளை வண்ணப் படங்களாக்கி இன்னும் யாருக்கோ காட்டுவதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் கைப்பேசியை நீட்டி "கொஞ்சம் பாருங்க" என்பவர்களிடம், அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லியே பெயரைக் காப்பாற்றி வந்தேன்.

அந்தப் பெயருக்கு வேட்டு வைத்தது எங்கள் வீட்டு லேப்டாப். ஓசியில் கிரிக்கெட் பார்க்கும் ஆசையில் நான் ஒரு பச்சைப் பட்டனை அமுக்கப்போக, மறுநாளிலிருந்து திரையில் விளம்பரங்கள் தானாகக் குதித்தன. மனைவி லேப்டாப்பில் முக்கோணம் வரைந்து பழகிக்கொண்டிருந்தால், அதன் மேல் ஒரு பெண் வந்து நின்று ரம்மி ஆடக் கூப்பிட்டாள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கோயம்புத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். என் வேலைக்காக இங்கே வந்த பிறகு ஆறு வருடமாக வீட்டில் இருக்கிறாள். புனேயின் பாணேரிலும் சாங்வியிலும் அவள் ஏறி இறங்கிய பள்ளிகளில் எல்லாம் முதல் கேள்வியே மராத்தி வருமா என்பதுதான். கடைசியாக, ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. சொந்தக் கணினியில் எடுக்க வேண்டும். நடுவில் படம் உறைந்து நின்றால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து அந்த வைரஸை நிஜமாகவே ஒழித்துக்கட்டினேன். ரம்மிப் பெண் போய்விட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கேறி, குடும்ப வாட்ஸப் குழுவில் அதை அறிவித்தேன்.

உடனே மச்சான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆன்டிவைரஸ் பெயரை அனுப்பினார். அலுவலக நண்பர் வேறொன்றைச் சொன்னார். இங்கேயே தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"அரே, இந்த விசயத்துல ரிஸ்க் எடுக்காதடா. என் தோஸ்த் ஒருத்தன் சொன்னான், இது ஏக்தம் பக்கா. போட்டுட்டுச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் மறுக்கும் வழக்கமில்லை. காய்ச்சல் வந்தால் மாமா சொன்ன மாத்திரையையும் அத்தை சொன்ன கஷாயத்தையும் சேர்த்தே விழுங்கிவிட்டு, "நீங்க சொன்னதுலதான் கேட்டுச்சு" என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்வோம். லேப்டாப்புக்கும் அதே மரியாதையைச் செய்தேன். மூவர் சொன்னதையும் போட்டேன்.

அன்று முதல் அது அசையவில்லை. பட்டனை அமுக்கிவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வைரஸ் இருந்தபோது ரம்மிப் பெண்ணாவது வேகமாக வந்தாள்.

நானா விடுவேன்? பழைய கோப்புகளை அழித்தேன். கல்யாண ஆல்பத்தைப் பென்டிரைவுக்கு நாடு கடத்தினேன். ரௌட்டரை வரவேற்பறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து துணி அலமாரியின் தலைக்கும் மாற்றினேன். நடுநடுவே திரையின் மூலையில் ஏதோ செய்தி எட்டிப் பார்க்கும். படிக்காமல் மூடிவிடுவேன். அலுவலகத்திலும் அப்படித்தான். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் பயம் தெரிந்தது. அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பாக்கர்வடிப் பலகாரத்தோடு வந்து, தான் சொன்ன ஆன்டிவைரஸின் சின்னம் மூலையில் இருக்கிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். இருந்தது. "ஷாபாஷ்" என்று என் முதுகில் தட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை நான் ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இதைப் படிச்சீங்ளா?"

"எது?"

"நீங்க மூடி மூடி விட்டீங்களே, அது. 'இன்னொரு காவல் மென்பொருளும் ஓடிட்டிருக்குது, ரெண்டும் ஒண்ணையொண்ணு சோதிச்சுக்கிட்டே இருந்தா வேகம் குறையும், ஒண்ணை எடுத்துடுங்க'ன்னு போட்டிருக்குது. கேள்வியவே படிக்காம விடை எழுதறதுக்கு எங்க ஸ்கூல்ல முட்டைதான் போடுவோம்."

அவளே மூன்றையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். கணினியோடு வந்த காவல் ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம், அதுவே போதுமாம். நான் பயந்தது வைரஸுக்கு அல்ல.

"சித்தப்பா வந்து கேட்டா என்ன சொல்றது?"

"பக்கோடா போட்டுக் குடுத்துக்கறேன், விடுங்க."

லேப்டாப் அணைந்து எழுந்தது. காபிக்குத் தண்ணீர் வைக்கக்கூட நேரம் தரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் படுக்கையறையில் நல்ல பருத்திப் புடவை கட்டி உட்கார்ந்தாள். நான் கேமராவுக்குப் படாத ஓரத்தில், எதற்கும் இருக்கட்டுமென்று ஸ்க்ரூ டிரைவரோடு நின்றேன். அவள் பாடம் நடத்தி நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குரலே வேறாக இருந்தது. பின்னங்களைக் கழிப்பதை அவ்வளவு நிதானமாக, விளையாட்டுப்போலச் சொன்னாள். எனக்கே புரிந்தது. இப்படிப்பட்டவளை ஆறு வருடம் வீட்டில் உட்கார வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

படம் ஒருமுறைகூட உறையவில்லை. முடிந்ததும் திரையிலிருந்த அதிகாரி சில கேள்விகள் கேட்டார். கடைசியாக, கணினியில் கோளாறு வந்தால் சரிசெய்ய வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து நின்றேன். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரையும் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்துத் தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்:

"யாரும் இல்லை. நானே பார்த்துக்கொள்வேன்."

அந்தப் பதிலுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள் என்று நான் இன்றும் நம்புகிறேன்.